விளம்பரம் வந்தால் வாய் மூடும்

கல்யாணப் பந்திகளில் கவனித்திருப்பீர்கள். இலை போட்டு உப்பு வைப்பதற்குள், குழந்தையோடு உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்தபடி ஃபோன் வந்துவிடும். அம்மாவோ பாட்டியோ ரசஞ்சோற்றைப் பிசைந்து உதட்டருகே கொண்டுபோனால் வாய் திறக்கும். கண் மட்டும் நகராது. சாம்பாரா ரசமா, சூடா ஆறியதா என்று குழந்தை பார்ப்பதே இல்லை. திரையில் பஸ் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும், வாய் தன்பாட்டுக்குத் திறந்து மூடும். நடுவில் விளம்பரம் வந்தால்தான் சிக்கல். மெல்லுவது நின்றுவிடும், வாய் மூடிக்கொள்ளும், சோறு கன்னத்தில் ஒதுங்கிவிடும். பாட்டி அவசரமாகச் சுண்டு விரலால் 'ஸ்கிப்' அமுக்குவார். மற்ற விரல்களில் எல்லாம் சோறு.

பிள்ளைகளும் ஃபோனும் என்று ஆரம்பித்தால் பேச்சு எங்கெங்கோ போகும். ஆன்லைன் விளையாட்டு, ரீல்ஸ், பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு, 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரில் அமலுக்கு வந்த சட்டம். எல்லாமே பேச வேண்டியவைதான். ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் ஃபோன் பிள்ளையிடம் வருவது 16 வயதில் இல்லை, 6 வயதிலும் இல்லை. ஒரு வயது தாண்டிய கையோடு, சோற்றுத் தட்டோடு சேர்ந்து வருகிறது. அதனால் இங்கே சோற்றுத் தட்டைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன்.

அது ஏன் சரியாக அந்த வயதில் வருகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. என் தங்கை தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள். பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது தங்கையின் மாமியார். திண்டுக்கல் பக்கத்து ஊரில் தோட்டமும் மாடுமாக இருந்தவர், பேத்திக்காக வந்து நாலாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறார். முதல் பிறந்தநாள் வரை கொடுத்ததையெல்லாம் சாப்பிட்ட பாப்பா, அப்புறம் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்ப ஆரம்பித்தாள். நான் போகும்போதெல்லாம் அத்தை, "காத்தைக் குடிச்சே வளருது தம்பி, ஒரு வாய் உள்ள போகல" என்பார். ஆள் இளைத்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்திலும் சொன்னார்கள். திருஷ்டி சுற்றிப் போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஃபோன் நடத்திக்காட்டியது.

உண்மையில் பாப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. 3 கிலோவில் பிறக்கும் குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகி 9 கிலோவைத் தொட்டுவிடும். அதற்கு அடுத்த வருஷம் முழுக்க ஏறுவது சுமார் 2, 2½ கிலோதான். வளர்கிற வேகம் அப்படிச் சட்டென்று தணியும்போது பசியும் தணியும். அதே நேரத்தில் நடக்கத் தெரிந்துவிடுகிறது, ஊர் சுற்றும் ஆசை வந்துவிடுகிறது, ஒரு இடத்தில் உட்கார முடிவதில்லை. இத்தனையும் சேர்ந்து 'சாப்பிட மாட்டேங்குது' ஆகிறது. குழந்தை மருத்துவர்கள் இதை நாள் முழுக்கச் சொல்கிறார்கள். ஆனால் ஓபி வரிசையில் மூன்று நிமிஷத்தில் சொல்வது, வீட்டில் மிச்சமிருக்கும் அரைக் கிண்ணம் பருப்புச் சோற்றின் முன்னால் எடுபடுவதில்லை. கிண்ணம் காலியாக வேண்டும். காலியாகாவிட்டால் வளர்க்கிறவர் சரியில்லை. இதுதான் நம் வீடுகளில் எழுதாத சட்டம்.

ஃபோன் அந்தக் கிண்ணத்தைக் காலி செய்கிறது. அதன் சிக்கலே அதுதான். அது தோற்றிருந்தால் நாலு நாளில் விட்டிருப்பார்கள். குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாமல் போவதால்தான் கிண்ணம் காலியாகிறது. பசி, போதும் என்ற உணர்வு இரண்டையும் குழந்தை தன் உடம்பில் இருந்து படிக்கக் கற்றுக்கொள்ளும் காலம் இது. தலையைத் திருப்புவதும், வாயை இறுக்குவதும், கரண்டியைத் தட்டிவிடுவதும் அது நமக்குச் சொல்கிற பதில். திரை அந்தப் பதிலை எடுத்துவிடுகிறது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் ஒரு எளிய பாகப்பிரிவினை சொல்வார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பாடு, சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தை பாடு. இதை அத்தையிடம் சொன்னபோது, "அதுக்கு என்ன தெரியும்?" என்றார். எவ்வளவு போதும் என்பது அதற்குத் தெரியும் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

இங்கே ஒரு நியாயம் பேசியாக வேண்டும். ஏமாற்றி ஊட்டுவதை ஃபோன் கண்டுபிடிக்கவில்லை. நிலாவைக் காட்டினோம், காக்காவைக் கூப்பிட்டோம், பூச்சாண்டியைக் காட்டினோம், 'இது தாத்தாவுக்கு ஒரு வாய்' என்று செத்துப்போன தாத்தாவையும் இழுத்துவந்தோம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கேழ்வரகுக் கஞ்சியை மூக்கைப் பிடித்துப் புகட்டியதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் எழுத மாட்டேன். காலங்காலமாக நாம் பெருமை பேசும் கூழே, பிள்ளை தன் சிறுகையை விட்டு அளைந்த கூழ்தான். நாம் வாயில் திணித்த கூழ் இல்லை.

அப்படியானால் நிலாவுக்கும் ஃபோனுக்கும் என்ன வித்தியாசம்? நிலாவைக் காட்ட ஒரு ஆள் வேண்டும். 'அங்க பாரு' என்று ஆள் கை நீட்ட, குழந்தை அந்தக் கையின் திசையில் பார்த்து, திரும்பி ஆளின் முகத்தைப் பார்த்து, 'ஆ' என்று ஏதோ சொல்ல, 'ஆமா, நிலா' என்று ஆள் பதில் சொல்ல, நடுவில் ஒரு வாய். காக்கா பறந்துபோனால் 'எங்க போச்சு?' என்று கேட்டாக வேண்டும். ஊட்டுகிறவருக்கு அலுப்புத் தட்டும், கோபம் வரும், குழந்தைக்கு அதுவும் தெரியும். ஒரு சிறு குழந்தையோடு பெரியவர் ஒருவர் வேறு வேலை பார்க்காமல் முகத்துக்கு முகம் உட்காரும் நீளமான நேரம் ஒரு நாளில் எது என்று யோசித்துப் பாருங்கள். குளிக்கவைக்கும்போது பத்து நிமிஷம், தூங்கவைக்கும்போது கொஞ்சம். மூன்று வேளைச் சோறும் சேர்ந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். பேச்சு கற்றுக்கொள்ள வீட்டில் இருந்த பெரிய வகுப்பு அதுதான். ஃபோன் வந்து உட்கார்ந்தது அந்த வகுப்பறையில்.

வீடியோவும் பேசுகிறதே, அதுவும் தமிழிலேயே பேசுகிறதே என்று கேட்கலாம். இதைப் பற்றி 2003இல் பாட்ரிசியா குல் என்ற அமெரிக்க மொழி ஆய்வாளரின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளோடு மாண்டரின் சீனம் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து, கதை படித்து, பொம்மை காட்டிப் பேசினார்கள். மொத்தம் 12 அமர்வு. இன்னொரு குழுக் குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசுவதை வீடியோவில் போட்டுக் காட்டினார்கள். கடைசியில் சோதித்தபோது, நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்து அறிந்தன. வீடியோ பார்த்த குழந்தைகளோ சீனமே கேட்காத குழந்தைகள் நிலையில்தான் இருந்தன. குழந்தைகள் திரையை ஆசையாகத்தான் பார்த்தன. பார்த்தது ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

பாப்பாவிடம் இதை நானே கண்டேன். ஆரஞ்சு, பர்ப்பிள், டிரையாங்கிள் எல்லாம் கணீரென்று வரும். தாகம் எடுத்தால் 'தண்ணி' வராது. ஃபிரிட்ஜ் பக்கம் கையை நீட்டி அழுவாள். நிறத்தின் பெயரைச் சொல்ல எதிரில் ஆள் தேவையில்லை, திரையோடு சேர்ந்து சொல்லிக்கொண்டே போகலாம். தண்ணீர் கேட்க, கேட்டால் தருவதற்கு ஒரு ஆள் இருக்கிறார் என்ற பழக்கம் வேண்டும். மாப்பிள்ளை அந்த பர்ப்பிளை வீடியோ எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். நாற்பது பேர் கைதட்டினார்கள்.

இந்த வீடியோக்களைச் செய்கிறவர்கள் எங்கோ அமெரிக்காவில் உட்கார்ந்து நம் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. உலகமே பார்க்கும் குழந்தைப் பாட்டுச் சேனல்களில் ஒன்றான சுச்சு டிவி 2013இல் சென்னையில் தொடங்கியது. இசையமைப்பாளர் சந்திரபோஸின் மகன் வினோத் சந்தர் தன் மகளுக்காகச் செய்த அனிமேஷனில் இருந்து வளர்ந்தது அது. அவர்களுடைய ஜானி ஜானி வீடியோ நூறு கோடிப் பார்வைகளை எப்போதோ தாண்டிவிட்டது. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பாட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்து, கூடச் சேர்ந்து பாடினால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு பாட்டு இரண்டு நிமிஷம், ஒரு கிண்ணம் சோறு நாற்பது நிமிஷம். மணிக்கணக்கில் ஓடும் தொகுப்பு வீடியோக்கள் இந்த இடைவெளியை அடைக்கின்றன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு, அவ்வளவு நேரம் ஓடவிட யாரும் யோசிப்பதும் இல்லை.

இன்னொரு விஷயம் பல வீடுகளில் தெரிவதில்லை. குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்ததற்காக 2019இல் அமெரிக்க அரசோடு செய்த சமரசத்தில் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் கட்டின. அதற்குப் பிறகு குழந்தைகளுக்கான வீடியோக்களில் கமெண்ட் எடுத்தார்கள், ஆள் பார்த்துப் போடும் விளம்பரத்தை நிறுத்தினார்கள். குழந்தைகளுக்கென்று தனியாக இருக்கும் யூடியூப் கிட்ஸ் செயலியில், 2021இல் இருந்து அடுத்த வீடியோ தானாக ஓடுவது இயல்பாகவே அணைந்திருக்கும். இவ்வளவு நேரம்தான் என்று டைமர் வைக்கலாம். ஆனால் நம் பாட்டிகள் திறப்பது அந்தச் செயலியை இல்லை. அம்மாவின் பழைய ஃபோனில், அம்மாவின் கணக்கில், சாதாரண யூடியூப். அந்தக் கணக்குப்படி பார்க்கிறவருக்கு வயது 32. அடுத்தது, அதற்கடுத்தது என்று தானாக வந்துகொண்டே இருக்கும். என் தங்கை சமையல் குறிப்புத் தேடினால்கூட நடுவில் கண் சிமிட்டும் பஸ் நாலு வந்து நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு வயது முடியும்வரை திரையே வேண்டாம், அதற்கடுத்த ஒரு வருஷமும் பரிந்துரைக்கவில்லை, 2 முதல் 4 வயதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2 வயது வரை கூடாது என்றே சொல்கிறது. இந்த எண்களை விட எனக்கு முக்கியமாகப் படுவது 2003இல் உலக சுகாதார நிறுவனம் சார்பில் வந்த இன்னொரு வழிகாட்டி. தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் இணை உணவை ஊட்டுவது பற்றியது. மெதுவாக, பொறுமையாக ஊட்டுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள், கவனம் சிதறும் விஷயங்களைக் குறையுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஊட்டுங்கள் என்று அதில் இருக்கிறது. ஸ்மார்ட்ஃபோன் நம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பு எழுதியது.

இதையெல்லாம் சொன்னால் கடைசியில் வந்து விடிவது அம்மாக்களின் தலையில். 'இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமை இல்ல' என்ற வரியை எல்லா வீட்டுத் திண்ணையிலும் கேட்டுவிட்டேன் (திண்ணையே இல்லாத வீடுகளிலும்). எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முன்பு ஊட்டியது ஒரு ஆள் இல்லை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தால் எதிர் வீட்டு அக்கா ஒரு வாய் ஊட்டுவார், பெரியப்பா பையன் குரங்குச் சேஷ்டை செய்வான், நாய் வரும், கறவை மாடு போகும். என் அப்பா மட்டும் ஊட்டியதே இல்லை, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இப்போது நாலாவது மாடியில் ஜன்னலைத் திறந்தால் எதிர் கட்டடத்தின் ஜன்னல். மூட்டு வலியோடு ஒரு பாட்டி, ஓடுகிற குழந்தை ஒன்று, நடுவில் கிண்ணம். மூன்றாவதாக ஒரு கை வேண்டியிருக்கிறது, அந்த வேலைக்கு ஃபோனை வைத்துக்கொண்டார்கள். அந்தக் கை ஏன் ஒரு ஆணுடையதாக இல்லை என்று யாரும் கேட்பதில்லை. மாப்பிள்ளை அப்போது ஹாலில் தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருப்பார். அதைப் பற்றி வழிகாட்டி போட யாரும் இல்லை.

திரை என்றாலே ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்பா துபாயில். அங்கே மதியச் சாப்பாட்டு இடைவேளை வரும்போது இங்கே குழந்தைக்கு மத்தியானத் தூக்கம் கலைந்திருக்கும். வீடியோ காலில் அவர் குப்பூஸைப் பிய்த்துக் காட்டி 'அப்பா ஒரு வாய், நீ ஒரு வாய்' என்பார். குழந்தை தன் பிஸ்கட்டைத் திரையில் வைத்துத் தேய்க்கும். அவர் மென்று காட்டுவார். 2014இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு இந்த வித்தியாசத்தைத்தான் அளந்தது. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகள் வீடியோ காலில் தங்களோடு பேசியவரிடமிருந்து, நேரில் கற்றது போலவே புதுச் சொற்களைக் கற்றன. அதே ஆளைப் பதிவு செய்த வீடியோவில் பார்த்தபோது கற்கவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016இல் 18 மாதம் வரை திரை வேண்டாம் என்று சொன்னபோதும் வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. குழந்தை 'ஆ' என்றால் பதிலுக்கு 'ஆ' என்கிற ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. ஃபோன் பார்த்தால் 'வெர்ச்சுவல் ஆட்டிசம்' வரும், ஃபோனைப் பிடுங்கினால் போய்விடும் என்று. அப்படி ஒரு நோய் மருத்துவ வகைப்பாடுகளில் கிடையாது. ஆட்டிசம் ஃபோனால் வருவதும் இல்லை. இந்த வீடியோ இரண்டு விதத்தில் கெடுக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தையின் அம்மாவைக் குற்றவாளி ஆக்குகிறது. ஃபோனை நிறுத்திவிட்டோம், சரியாகிவிடும் என்று நம்பிக் காத்திருக்கவைத்து மாதங்களை வீணாக்குகிறது. 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காட்ட வேண்டியது மருத்துவரிடம். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிப்பார்கள். நிறையப் பேர் அதை விட்டுவிட்டு ஃபோனைத் திட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட இடையீட்டு சேவை மையம் என்று உண்டு. பேச்சுப் பயிற்சி உட்பட அங்கே எல்லாம் இலவசம்.

தங்கை வீட்டில் பெரிய புரட்சி எதுவும் நடக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் ஃபோன் கிடையாது என்று ஒரு உடன்படிக்கை. தினமணியை விரித்து நடுவில் பாப்பாவை உட்காரவைத்து, எதிரில் அத்தையும் தட்டு போட்டு உட்காருகிறார். முன்பெல்லாம் குழந்தைக்கு ஊட்டி முடித்து, ஆறிப்போன சோற்றைத்தான் அவர் தனியாகச் சாப்பிடுவார். இப்போது அவர் முருங்கைக்காயை உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டு பாப்பா வாயைக் குவித்துப் பார்க்கிறாள், தனக்கும் ஒரு துண்டு கேட்கிறாள். அந்த 'தா' என்ற சொல் அப்படித்தான் வந்தது. சாதம் தலையில் ஒட்டுகிறது, தலையங்கத்திலும் ஒட்டுகிறது. எறும்பு வருகிறது என்று அத்தை தினமும் புலம்புகிறார். முதல் வாரம் பாப்பா போட்ட கூச்சலில் கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து விசாரித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு ஃபோன் இன்னும் இருக்கிறது. அலுவலகத்தில் இருந்து ஏழரைக்கு வந்து எட்டு மணிக்கு இன்னொரு மீட்டிங் இருக்கும் தங்கையிடம் அதைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. மாப்பிள்ளையிடம் திறந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் ஊட்டுகிறார், கொஞ்சம் மோசமாகத்தான்.

கிண்ணத்தில் மிச்சம் விழுவது கூடியிருக்கிறது. அதை அத்தையால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை. அடுத்த மாதம் டாக்டரிடம் எடை பார்க்கப் போகிறார்கள். இருநூறு கிராம் குறைந்திருந்தாலும் போதும், 'உங்க அண்ணன் பேச்சைக் கேட்டோம் பாரு' என்றுதான் ஆட்டோவிலேயே ஆரம்பிப்பார்.